தூங்கினாலும் குறையும் இருபத்து நான்கு ரூபாய்

அன்புள்ள கடுகுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே இருவரும் நலம் என்று முதல் வரியிலேயே எழுதிவிடுவது எளிது. இந்த முறை அதை நாலு நாள் சரிபார்த்த பிறகுதான் எழுதுகிறேன், நலம்தான். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூக்கம் கெடாமல், அந்தப் புது செருப்பு காலைக் கடிக்காமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு நான் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் திருத்தம் சொல்வார், நீ நடுவில் அழுவாய், நான் பேச்சை மாற்றிவிடுவேன், விஷயம் பாதியில் நிற்கும். ஆகையால் கடைசிவரை படித்துவிட்டுக் கூப்பிடு.

நீ விடுமுறைக்கு வந்திருந்தபோது முன்பணம் கட்டும் புது மின் மீட்டரை மாட்டிவிட்டுப் போனார்கள், அதற்கு இப்போது இரண்டு மாதம் ஆகிறது. அப்பாவுக்குப் போனில் பணம் போடும் வேலையெல்லாம் வராது என்று உன் எண்ணையே பதிந்துவிட்டாய், இருப்பு குறைந்தால் செய்தி உனக்கு வரும், நீ அங்கிருந்தே போட்டுவிடுவாய், நாங்களும் அதைப் பற்றி நினைக்காமல் இருந்தோம். போன மாதம் ஒரு நாள் நீ பேச்சுவாக்கில், நம்ம வீட்டு மீட்டருக்குப் பசி ஜாஸ்திப்பா, போன வாரம்தான் போட்டேன், அதுக்குள்ள மறுபடி வாயைத் திறக்குது என்று சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். அப்பாவும் சிரித்தார் என்றுதான் நினைத்தேன். உன்மேல் தப்பில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஆனால் விஷயம் அங்கேதான் தொடங்கியது.

அதற்கு இரண்டு நாள் கழித்து அப்பா தன் மூச்சு மெஷினைத் தூக்கிக்கொண்டு முன் அறைக்குப் படுக்கப் போனார். மெஷின் சத்தத்துல உனக்குத் தூக்கம் கெடுது, பாவம் நீ காலையில வேலைக்குப் போகணும் என்றார். இருபத்தைந்து வருடத்தில் என் தூக்கத்தைப் பற்றி அவர் கவலைப்பட்டது அதுவே முதல் முறை, சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவள் என்று நீயே கேலி செய்வாய், அன்றைக்கு மட்டும் எனக்குச் சௌகரியமாக இருந்ததால் நம்பிவிட்டேன், மூன்று வாரம் நன்றாகத் தூங்கினேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். பிறகு வாசல் விளக்கு எரியவில்லை. பல்பு போச்சு, வாங்கணும் என்றார் அப்பா. எதிர்வீட்டு டைலர் மட்டும், என்னக்கா, இருட்டடிச்சுட்டீங்க, மீட்டர் பயமா, அது மீட்டரே இல்லக்கா, திறக்க முடியாத உண்டியல் என்றார். அவர் எதற்கும் இப்படித்தான் பேசுவார் என்று விட்டுவிட்டேன். அதன் பிறகு பால் கெட ஆரம்பித்தது. இரவு குளிர்சாதனப் பெட்டியில் வைக்கும் பால் காலையில் அடுப்பில் வைத்ததும் திரிந்துவிடும். நான் பால்காரரோடு வாசலில் நின்று நல்ல சண்டை போட்டேன், அவரும் சளைக்கவில்லை, அம்மா, தண்ணியைச் சோதிக்கிற வேலை பார்க்கறீங்க, அதுக்காகப் பாலைப் பத்தி எல்லாம் தெரியும்னு அர்த்தமா என்று கேட்டார். இப்போது அவரிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று, அவர் பெரிய மனதோடு கால் லிட்டர் கூட ஊற்றினார், அது எனக்கு இன்னும் அவமானமாக இருக்கிறது.

போன வாரம் அப்பா சாப்பாட்டை மறந்து வைத்துவிட்டுப் போனார் என்று அவர் வேலை பார்க்கும் லாரி எடை மேடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். ஒரு லாரி மேடைமேல் நிற்கிறது, பின்னால் மூன்று லாரி காத்திருக்கிறது, அப்பா கண்ணாடி அறைக்குள் பேனாவைப் பிடித்தபடியே தூங்கிக்கொண்டிருக்கிறார். ஓட்டுநர் ஒருவர் என்னைப் பார்த்து, அண்ணன் இப்பல்லாம் கண்ணை மூடிக்கிட்டே எடை போடறாருக்கா, ரெண்டு மூணு வாரமா இப்படித்தான் என்று சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மெஷின் இல்லாமல் படுத்தால் தூக்கத்தில் மணிக்கு முப்பது தடவை மூச்சு நின்று நின்று வருகிறது என்று டாக்டர் சொன்னபோது நீயும் கூட இருந்தாய். வீட்டுக்கு வந்ததும் மெஷினின் வடிகட்டியைத் திறந்து பார்த்தேன், ஒரு தூசி இல்லை. மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது, கடைசியாக என்றைக்கு ஓடியது என்று அதன் சின்னத் திரையிலேயே வரும், அந்த எண் பத்தொன்பது நாளாக அசையவில்லை.

சாயங்காலம் அவர் வந்ததும் நான் கத்தவில்லை, எனக்கு அது வராது என்று உனக்குத் தெரியும், மெஷினை மேஜைமேல் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து வைத்தார். தினமும் படுக்கும்போது மீட்டர் பொத்தானை அழுத்தி இருப்பைக் குறித்திருக்கிறார், எழுந்ததும் மறுபடி குறித்திருக்கிறார். சுமையோடு ஒரு எடை, காலியாக ஒரு எடை, கழித்தால் சரக்கு, அவருக்குத் தெரிந்த கணக்கு அதுதான். முதல் நாள் இரவில் மட்டும் முப்பத்தொரு ரூபாய் குறைந்திருக்கிறது, பகல் முழுதும் மோட்டார், துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் ஓடியும் அவ்வளவு குறையவில்லை. ராத்திரி நம்ம வீட்டுல என்ன ஓடுது, இந்தக் குளிர்ல ஃபேன்கூட போடறதில்ல, என் மெஷின்தான் ஓடுது என்றார். அதை நிறுத்தியதும் இருபத்தொன்பதுக்கு வந்தது. சரிதான் என்று வாசல் விளக்கை நிறுத்தினார், இருபத்தேழு. நான் தூங்கிய பிறகு குளிர்சாதனப் பெட்டியையும் நிறுத்திவிட்டு, நான் எழுவதற்கு முன்னால் போட்டுவிடுவாராம், இருபத்து நான்கு. அதற்குக் கீழே இறங்கவில்லை. எல்லாச் சரக்கையும் இறக்கிட்டேன், லாரி காலி, ஆனா முள்ளு மட்டும் இறங்க மாட்டேங்குது என்றார், அந்த வருத்தம்தான் அவருக்கு. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அவ அங்க ஒத்தை ரூம்ல இருந்துக்கிட்டு, வேலைக்கு நடுவுல போன் அடிக்கும்போதெல்லாம் பணம் போடறா, நான் மூச்சு விடறதுக்கு அவ காசு கட்டணுமா என்றார்.

நான் நோட்டை எடுத்துப் பார்த்தேன். கடைசி ஆறு நாளும் ஒரே எண், இருபத்து நான்கு ரூபாய் நாற்பது காசு. எங்கள் சோதனைக் கூடத்தில் எதுவும் கலக்காத சுத்தமான நீரையும் ஒரு தடவை கருவியில் வைத்துப் பார்ப்போம், அதிலும் ஒரு எண் வந்தால் அது தண்ணீருடையது இல்லை, கருவியுடையது. அப்பா தெரியாமலே அந்தச் சோதனையைச் செய்து முடித்திருந்தார். மறுநாள் அரை நாள் விடுப்புப் போட்டு மின்சார அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த பெண் நோட்டை ஒரு நிமிடம்தான் பார்த்தாள். இது கரண்டே இல்ல மேடம், மீட்டர் வாடகை நாளுக்கு ஒன்பது ரூபா நாற்பது காசு, பழைய மீட்டர்ல கடைசியா பில் போடாம விட்ட பாக்கியை நாளுக்குப் பதினஞ்சா பிரிச்சிருக்கோம், ரெண்டும் ராத்திரி பன்னெண்டு மணிக்குக் கழியும், நீங்க தூங்கினாலும் கழியும், முழிச்சிருந்தாலும் கழியும் என்றாள். விவரம் உன் போனுக்குத்தான் வந்ததாம், நீ பார்த்திருக்க மாட்டாய், நானாக இருந்தாலும் பார்த்திருக்க மாட்டேன். பாக்கி இன்னும் ஐந்து வாரத்தில் தீர்ந்துவிடும், வாடகை மட்டும் என்றைக்கும் இருக்கும். அப்பாவிடம் வந்து, லாரியை எடை போடும்போது டிரைவர் இறங்கினாரா என்று பார்க்காமல் விட்டுவிட்டீர்கள், அந்த இருபத்து நான்கும் உள்ளே உட்கார்ந்திருந்த டிரைவர் என்று சொன்னேன். நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, முப்பது வருஷமா நான் யாரையும் அப்படி விட்டதில்லையே என்றார். ஒரு இரவு முழுக்க மெஷின் ஓடினால் எவ்வளவு தெரியுமா கடுகு, யூனிட்டில் பத்தில் மூன்று பங்கு, இரண்டு ரூபாய்கூட இல்லை.

இனிமேல் குறைந்த இருப்புச் செய்தி என் போனுக்கு வரும்படி எழுதிக் கொடுத்துவிட்டேன், பணத்தையும் நாங்களே போட்டுக்கொள்கிறோம், இதற்கு நீ வாதம் செய்யாதே, அந்தக் காசில் உன் அறை ஜன்னலுக்கு நல்ல திரை வாங்கிப் போடு. உன் பெயரை முழுதாக எடுத்துவிடவா என்று அந்தப் பெண் கேட்டாள், வேண்டாம் என்றேன். காரணம் இருக்கிறது. மணிவாரியாக எத்தனை யூனிட் என்று உன் போனில் பார்க்கலாம். ரூபாயைப் பார்க்காதே, அது வாடகையும் பாக்கியும் கலந்தது, யூனிட்டை மட்டும் பார். இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை 1.1 இருந்தால் வாசல் விளக்கு எரிந்தது, பால் கெடவில்லை, அப்பா மாஸ்க் போட்டுக்கொண்டு தூங்கினார். 0.8 என்றால் என்னைக் கூப்பிடாதே, அவரைக் கூப்பிடு, உன் குரலுக்குத்தான் பயப்படுவார். எங்கள் அறைக்கே மெஷினைக் கொண்டு வந்தாயிற்று. அந்தச் சத்தம் இல்லாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை என்று அவரிடம் பொய் சொன்னேன், இப்போது நாலு நாளில் அது பாதி உண்மையாகிவிட்டது.

உனக்கு எல்லாம் நல்லபடியாக அமையட்டும், உடம்பு திடமாக, மனம் லேசாக இருக்கட்டும். அப்பா தன் ஆசியையும் எழுதச் சொன்னார், எதைப் பற்றிய கடிதம் என்று கேட்கவில்லை, தெரிந்திருக்கும். கண் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே. காலையில் கிளம்பும் முன் ஒரு தடவை உன் போனில் நம் வீட்டு மீட்டரைப் பார்.

நேற்றும் 1.1.

அன்புடன்,
அம்மா