மழை நாளின் மீன் குழம்பு

மச்சான்,

காலையிலிருந்து விடாத மழை. நனைந்த ரப்பர் விறகோடு அம்மா மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார், வீடு முழுக்கப் புகை. கண் கலங்கினால் புகைமேல் பழியைப் போட்டுக்கொள்ளலாம். அந்தத் தைரியத்தில்தான் எழுத உட்கார்ந்தேன்.

இந்தப் புகையைத் தேடித் திரிந்தவன் நீ. உயர்தர வகுப்பில் நமக்கு வெள்ளிக்கிழமை என்றால் ஆய்வுக் கருத்தரங்கு. ஒருவர் கட்டுரை வாசிக்க வேண்டும், மற்றவர்கள் கேள்வி கேட்க வேண்டும். கேள்வியே வராவிட்டால் வாசித்தவருக்குப் புள்ளி குறையும் என்று புவியியல் சார் சொன்ன அன்றே நாம் ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். நீ ஆய்வாளன், நான் ஓய்வாளன். எழுதுவது உன் பாடு. நீ சொல்லித் தந்த கேள்வியை, அப்போதுதான் தோன்றியதுபோலத் தலையைச் சொறிந்துகொண்டு கேட்பது என் பாடு.

மழை நாளில் மேல் லயத்தின் தொழிலாளர் வரிசை வீடுகளில் என்ன சமைக்கிறார்கள் என்பது உன் தலைப்பு. மழை பெய்தால் ரப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லை, பால்வெட்டு இல்லாவிட்டால் அன்றைக்குச் சம்பளமும் இல்லை. பேப்பரும் பேனையுமாக வாசல் வாசலாகக் கேட்டு வந்து வாசித்தாய். எல்லா வீட்டிலும் சோறு, எல்லா வீட்டிலும் மீன் குழம்பு. நான் ஒப்பந்தக் கேள்வியை விட்டுவிட்டு எழுந்து, "மழையோட சேந்து மீனும் பெஞ்சுச்சா?" என்றேன். வகுப்பே சிரித்தது. நீயும் சிரித்தாய். முதலில் நிறுத்தியவனும் நீதான்.

திரும்பி வரும்போது, ருவான்வெல்லை பஜாரில் வாங்கின என் ஒத்தைக் குடைக்குக் கீழே நடந்தபடி சொன்னாய்: "பேனையோட போய் நின்னா யாருடா அடுப்பு எரியலன்னு சொல்லுவாங்க? எனக்குத் தேத்தண்ணி வேற ஊத்திக் குடுத்தாங்க. இருந்த சீனியையும் நான் குடிச்சிட்டு வந்துட்டேன். ஹரி, இனி வாயக் கேக்க மாட்டேன். கூரையப் பாக்கப் போறேன்."

அதற்குப் பிறகு சனிக்கிழமை மழை வந்தால் நாம் எதிர் மேட்டில் நிற்போம். எந்த வீட்டுக் காம்பராவின் கூரையில் புகை வருகிறது என்று நீ பார்ப்பாய். நான் குடை பிடிப்பேன். அட்டைகள் நம் காலில் தனியாகக் கருத்தரங்கு நடத்தும். லயத்தைப் படமாக வரைந்து, புகை வந்த கூரைக்கு மேலே பென்சிலால் ஒரு சுருள் போட்டாய், வராத கூரைக்குப் பெருக்கல் குறி. கடைசிக் காம்பராவுக்கு மேலே மட்டும் சுருளும் இல்லை, குறியும் இல்லை. அது நீயும் உங்கம்மாவும் இருந்த வீடு. ஏன்டா என்றேன்.

"அத மட்டும் நீ கேக்காத," என்றாய். "கருத்தரங்குலயும் கேக்காத."

மழை நாள் இடைவேளையில் உனக்கு மட்டும் ஏன் வயிறு சரியில்லாமல் போகிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வயிற்றுவலி மன்னன் என்று பட்டம் கொடுத்தவன் நான். அன்றிலிருந்து, "எங்கம்மா ரொட்டியில உப்புப் போட மறந்துட்டாங்க போல, தின்னு பாத்துச் சொல்லு" என்று ஏதாவது ஒரு பொய்யோடு பாதியை நீட்டப் பழகினேன். நீயும் ஒவ்வொரு தடவையும் யோசித்து, உப்பு சரியாத்தான் இருக்கு என்பாய்.

பல பள்ளிக்கூடங்கள் போட்டியிடும் பெரிய கருத்தரங்குக்கு முன்னால் உனக்குக் காய்ச்சல் வந்தது. எலிக்காய்ச்சல் என்றார்கள். ஒரு எலிக்கா இந்த அலறு அலறுறே என்று கேட்க ஒரு வரி தயாராக வைத்திருந்தேன். நான் ஆஸ்பத்திரிக்கு வருகிறவரை நீ இருக்கவில்லை.

மண்டபத்தில் உன் கட்டுரையை நான்தான் வாசித்தேன். தலையைச் சொறிந்துகொண்டு கேள்வி கேட்க எனக்கு ஆள் இல்லை. கடைசி வரிசையில் உங்கம்மாவை உட்கார வைத்திருந்தார்கள். வெளியிலிருந்து வந்த சார் ஒருவர், நல்ல மனுஷர்தான், படத்தைக் காட்டிக் கேட்டார்: "தம்பி, கடைசி வீட்டுக்கு ஒண்ணும் போடலியே. அங்க என்ன நிலம?"

கேட்கவே கூடாது என்று நீ எனக்குச் சொல்லிவைத்த கேள்விக்கு, நான் பதில் சொல்ல வேண்டி வந்தது. உண்மையைச் சொன்னால் உன் கட்டுரை முழுசாகும். உங்கம்மா குனிந்த தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"அந்த வீட்டுல மீன் கொழம்பு, சார்," என்றேன்.

அன்றைக்குச் சிரித்த நம் வகுப்பில் இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. ஆதாரம் போதாது என்று புள்ளியைக் குறைத்தார்கள். பரிசு வேறு பள்ளிக்கூடத்துக்குப் போனது. போகட்டும். வெளியே வரும்போது உங்கம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு நாளைக்கி வீட்டுக்கு வாய்யா, மீன் கொழம்பு வச்சித் தாறேன்" என்றார்.

எங்கள் வீட்டு வாசலில் நின்றால் மேல் லயம் தெரியும். மழை நாளில் உங்கள் கூரையைப் பார்க்காமல் எனக்குச் சோற்றில் கை போவதில்லை. இப்போதும் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். புகை வரவில்லை. அம்மா ரொட்டி சுட்டு இறக்கிவிட்டார். அதில் நாலைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். உங்கம்மாவிடம் என்ன பொய் சொல்லிக் கொடுப்பது என்றுதான் யோசிக்கிறேன். உப்புக் கதை உன்னோடு போய்விட்டது, மச்சான்.