மேலே வந்து மூச்சு வாங்கும் மீன்

இன்று காலை உம்முடைய மனைவி ஒரு வாளியில் இரண்டு விரால் கொண்டுவந்து என் குசினி வாசலில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் ஒன்று மேலே வந்து, வாயைத் திறந்து காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போனது. "ளக்" என்று ஒரு சின்னச் சத்தம். நான் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவரும் நின்றார். பிறகு, ஒவ்வொரு வருடமும் உமது நினைவுப் பூசைக்கு முன் கேட்பதை இந்த முறையும் கேட்டார்.

"அண்ணை, அவர் கடைசியா என்ன சொன்னவர்? நீங்கள்தானே பக்கத்தில இருந்தனீங்கள்."

நான் சொன்ன பதிலை வேறு யாரிடமும் சொல்ல முடியாது. அதனால் உமக்கு எழுதுகிறேன்.

நீர் கொக்கிளாயிலிருந்து இடம்பெயர்ந்து உடையார்கட்டுக்கு வந்தபோது உம்மிடம் வலையும் கோபமும்தான் இருந்தன. நான் அதற்கு முன்பே மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டு, துணுக்காயில் கூலிக்கு உழுது, பிறகு இங்கே ஒரு துண்டுக் காணியில் ஒதுங்கியவன். எத்தனை வருடம் இந்த மண்ணைக் கொத்தினாலும் இங்குள்ள சிலருக்கு நான் தோட்டக்காட்டான்தான். அதை நான் மறக்கவுமில்லை, மன்னிக்கவுமில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற மாட்டு வைத்தியன். ஆனால் செத்த மாட்டை அறுத்து, நுரையீரல் எங்கே முடிகிறது, வயிறு எங்கே தொடங்குகிறது என்று என் கண்ணால் பார்த்தவன். பார்த்ததை எவருக்காகவும் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

கடலோரக் களப்பில் பிடித்த மீனைக் கூடையில் போட்டு, வாயை மூடிக் கட்டி, தண்ணீருக்குள் தாழ்த்தி வைப்பது உங்கள் வழக்கம். விற்கும்வரை உயிரோடு இருக்குமாம். இங்கே குளத்திலும் அதையே செய்தீர். மூன்று நாள் தொடர்ந்து கூடைக்குள் விரால்கள் விறைத்துக் கிடந்தன. யாரோ நஞ்சு போட்டதாக ஊரையே திட்டினீர்.

"நஞ்சில்லை. மூச்சு முட்டிச் செத்திருக்கு," என்றேன்.

நீர் கரையில் நின்றவர்களைக் கூப்பிட்டீர். "இஞ்ச வாங்கோ! மீன் தண்ணிக்குள்ள மூச்சு முட்டிச் சாகுதாம். தேயிலைக்குக் கீழ மீன் பிடிச்ச ஆள் சொல்லுறார்!"

"சிரியும். சிரிச்சு முடிச்சிட்டு நாளைக்கு ரெண்டு கூடை கொண்டு வாரும்."

மறுநாள் ஒன்றை அடியில் தாழ்த்தினோம். மற்றதை, மேல் பக்கம் ஒரு சாண் தண்ணீருக்கு வெளியே நிற்கும்படி கட்டினோம். வெயில் ஏறுவதற்குள் அடியில் இருந்தவை செத்துவிட்டன. மற்றக் கூடையில் விரால்கள் துள்ளின. செத்த ஒன்றின் தலையைப் பிளந்து, செவுளுக்கு மேலே இருக்கும் அறையைக் காட்டினேன். உள்ளே மடிப்பு மடிப்பாக இரத்தம் ஊறிய சதை. உமது களப்பு மீன் வாயால் தண்ணீரை இழுத்துச் செவுளால் விடும். அதற்கு அது போதும். விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. மேலே வந்து காற்றை விழுங்கி அந்த அறையை நிரப்ப வேண்டும். வர விடாவிட்டால் மனிதனைப் போலவே மூழ்கிச் சாகும்.

"அப்ப இவ்வளவத்தையும் சாக்காட்டினது நான்தானோ?" என்று கேட்டீர்.

"ஓம்," என்றேன். ஆறுதலாக ஒரு சொல் சேர்க்க எனக்குத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து என்னை "வாத்தியார்" என்று அழைத்தீர். கேலிக்குத் தொடங்கி, பிறகு உண்மையாகவே அழைத்தீர். இந்த ஊரில் எனக்குக் கிடைத்த மரியாதை அது ஒன்றுதான்.

சில வருடங்களில் உமது கால்கள் வீங்கின. இதயம் தளர்ந்து நெஞ்சுக்குள் நீர் கட்டுகிறது என்று வைத்தியசாலையில் சொன்னார்கள். போர்த் தடையால் நீரைப் போக்கும் குளிசை இந்தப் பக்கம் வருவது நின்றிருந்தது. வர விடாதவர்களை இன்றைக்கும் சபிக்கிறேன். பொருமிய மாட்டை நான் ஒருநாளும் பக்கவாட்டில் சரிய விட்டதில்லை. ஊதிய வயிறு நெஞ்சை அமுக்கிவிடும். உம்மையும் அப்படித்தான் பார்த்துக்கொள்ள உம்முடைய மனைவியிடம் சொன்னேன்.

"தங்கச்சி, இவரைப் படுக்க விடாதேங்கோ. நிமிர்ந்திருந்தா நீர் அடியில நிக்கும், மேல் பக்கத்தால மூச்சு எடுக்கலாம். படுத்தா எல்லா இடமும் பரவிடும்."

வைக்கோல் அடைத்த சாக்கை உமது முதுகுக்குப் பின்னால் வைத்ததும் நான்தான். பிறகு நான் செய்ததை, தெரியாமல் செய்த பிழை என்று யாரும் எனக்காகப் பேசக்கூடாது.

ஒருநாள் முற்பகல் மூச்சு மோசமானதும் உம்மைச் சைக்கிள் கரியரில் இருத்தி, புதுக்குடியிருப்பு வைத்தியசாலைக்கு உருட்டிக்கொண்டு போனேன்.

"வாத்தியார், மாட்டு வைத்தியத்த எனக்குச் செய்துபோடாதேங்கோ," என்றீர், இரண்டு மூச்சுக்கு ஒரு சொல்லாக.

"மாடு சொல்லுக் கேக்கும். நீர் கேக்க மாட்டீர்."

வெட்டவெளியில், தலைக்கு மேலே குண்டு போடும் பொம்மர் இரைந்தது. வன்னியில் அந்த வருடங்களில் நடக்கப் பழகிய பிள்ளைக்கும் தெரியும்: அந்தச் சத்தம் கேட்டால் குப்புற விழு, தலையைத் தூக்காதே. தலையைத் தூக்கியவர்களைப் புதைத்திருக்கிறோம். நான் யோசிக்கவில்லை. உம்மை இழுத்து, காய்ந்த வாய்க்காலுக்குள் குப்புறப் போட்டேன்.

முழங்கையை ஊன்றி எழும்பப் பார்த்தீர். பயத்தில் ஓடப் போகிறீர் என்று நினைத்தேன். முதுகில் கையை வைத்து அழுத்தினேன்.

"நிமிர விடுங்கோ, அண்ணை."

வாத்தியார் என்று சொல்லவில்லை.

"பேசாமக் கிடவும்! அவன் திரும்பி வாறான்."

திரும்பி வந்தான். இன்னொரு தடவையும் சுற்றினான். உமது விலா என் உள்ளங்கைக்குக் கீழே விரியப் பார்த்து, விரிய முடியாமல் அடங்கியது. எத்தனையோ மாடுகளின் விலாவில் கை வைத்து மூச்சு எண்ணியவன் நான். அன்று என் கைக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு குண்டும் விழவில்லை. சத்தம் தூரத்தில் ஓய்ந்ததும் கையை எடுத்தேன். நீர் எழவில்லை. புரட்டினேன். வாயில் இளஞ்சிவப்பு நுரை.

பொம்மருக்குப் பயந்து நெஞ்சு நின்றுவிட்டது என்று ஊர் சொன்னது. நான் மறுக்கவில்லை. எப்படியும் அதிக நாள் இருந்திருக்க மாட்டார் என்று வைத்தியசாலையில் ஒருவர் சொன்னார். இருக்கலாம். ஆனால் மிச்சமிருந்த மூச்சு, ஒன்றோ ஆயிரமோ, உம்முடையது. உம்மிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன். நீர் இரக்கக்காரர், தந்துவிடுவீர். எனக்கு அது வேண்டாம்.

இன்று காலை உம்முடைய மனைவியிடம், "ஒண்டும் சொல்லேல்லை, தங்கச்சி," என்றேன். வழக்கமாக அத்தோடு தலையாட்டிவிட்டுப் போவார். இன்று போகவில்லை.

"அவர் வாயாடி, அண்ணை. ஒண்டும் சொல்லாமப் போற ஆளில்லையே," என்றார்.

நான் அடுப்பை ஊதப் போனேன். திரும்பிப் பார்த்தபோது வேலிப் படலை சாத்தியிருந்தது.

உமது கடைசிச் சொற்கள் மூன்று. அவருக்குச் சேர வேண்டியவை. கொடுத்தால் அவர் இந்த வாசலுக்கு இனி வரமாட்டார். வேறு யாரும் இங்கே வருவதில்லை. அதற்காகத்தான் கொடுக்காமல் வைத்திருக்கிறேன், வேறு பெரிய காரணம் ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை உங்கள் தேவாலயத்துப் பூசைக்குப் போவேன். முழந்தாளிடத் தெரியாத சைவன், கடைசி வாங்குப் பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்து தாராளமாக மூச்சு விட்டுக்கொண்டிருப்பேன். அந்த மூன்று சொல்லும் என் வாய்க்குள்ளேயே கிடக்கும்.