மூன்று முறை படிக்காத ஒரு சொல்

இந்தப் புதன்கிழமை குரோம்பேட்டையில் மின்விசிறிக்குக் கண்டென்சர் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, பக்கத்துக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் போனைப் பார்த்தேன். மேலே திரை, அதற்குக் கீழே நான்கு வரிசையாகக் குட்டிக் குட்டி எழுத்துப் பட்டன்கள். அந்த மாதிரி போன் இனிமேல் யாரும் செய்ய மாட்டார்கள் என்று நீதான் ஒருமுறை என்னிடம் தீர்ப்புச் சொன்னாய். மறுபடியும் செய்திருக்கிறார்கள்.

காரணம் இல்லாமல் கடைக்குள் நுழைகிற பழக்கம் எனக்கு இல்லை என்பது உனக்குத் தெரியும். வெளியிலேயே நின்றேன். உள்ளே இருந்த பெண்தான் கூப்பிட்டாள். "உள்ள வந்து பாருங்க சார், பாத்தா ஒண்ணும் தேஞ்சிடாது." எடுத்துக் கையில் கொடுத்து, "டைப் பண்ணிப் பாருங்க" என்றாள்.

ஒரு பட்டனை அழுத்தினேன். டிக். அழுந்தியதும் கட்டைவிரலை அது மெல்ல மேலே தள்ளியது. என்ன எழுதுவது என்று நான் யோசிக்கவே இல்லை. இரண்டு கட்டைவிரல்களும் தாமாகவே ஐந்து எழுத்துகளை அடித்து முடித்திருந்தன: varen.

"வரேனா? யாருக்கு சார்?" என்று அந்தப் பெண் எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"யாருக்கும் இல்லம்மா" என்று சொல்லி, ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். ஒரே பீஸ்தான் வந்திருக்கிறதாம். சனிக்கிழமை மாலைவரை எனக்காக எடுத்து வைப்பதாகச் சொன்னாள். கண்டென்சரைக் கடையிலேயே மறந்துவிட்டு வந்தேன்.

நம் முதல் பட்டன் போன்களும் அதே சாலையில் வாங்கியவைதான். ஓய்வு பெற்ற மறு மாதம், ஒரே கடையில், ஒரே நிறத்தில் இரண்டு. மாறிப்போய்விடக் கூடாது என்று நான் என்னுடையதின் பின்புறம் சின்ன வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டினேன். "உன் போனை எவன்டா தூக்கினு போகப்போறான்?" என்றாய். முப்பது வருடம் ஒரே பிரிவில் அடுத்தடுத்த மேசை. தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு ஒரே ரயில். அந்த ரயில் நின்ற பிறகு நமக்கு மிச்சம் இருந்தது அந்தப் போன்கள்தான்.

காலை ஆறரைக்கு மாடம்பாக்கத்திலிருந்து உன் செய்தி வரும். "enna da". அவ்வளவுதான். அதற்குப் பதில் எழுத எனக்கு இருபது நிமிடம் ஆகும். அலுவலகத்தில் வரைவு எழுதிப் பழகிய கை. எதையும் மூன்று முறை படித்துவிட்டுத்தான் மேலே அனுப்புவேன். ஒரு முறை பொருளுக்கு, ஒரு முறை எழுத்துப்பிழைக்கு, ஒரு முறை மரியாதைக்கு. உனக்கு எழுதும் "nalla irukken" என்ற இரண்டு சொல்லையும் அப்படித்தான் அனுப்பினேன். நீ எனக்கு 'மூணு வாட்டி' என்று பெயர் வைத்தாய். "இன்னா மூணு வாட்டி, இன்னிக்குள்ள அனுப்பிடுவியா, இல்ல தபால்ல போடறியா?" என்று பொறுக்க முடியாமல் போன் போட்டுக் கேட்பாய்.

தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவதில் எனக்குக் கடைசிவரை நம்பிக்கை வரவில்லை. நெடிலும் குறிலும் ஒன்றாகிவிடுகின்றன என்று நான் புலம்பியபோது நீ கேட்கவில்லை. ஒருநாள் "Perungalathur stop, vada" என்று அனுப்பினாய். மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் அது எனக்கு வடையாகவே இருந்தது. தாம்பரம் ஸ்டேஷன் எதிரில் இருக்கும் ஓட்டலில் நான்கு மெதுவடை கட்டி வாங்கிக்கொண்டு பெருங்களத்தூர் நிறுத்தத்தில் வந்து இறங்கினேன். தீபாவளிக்கு ஊருக்குப் போகும் கூட்டம். உன் தங்கை குடும்பத்தைப் பஸ் ஏற்றிவிட ஒத்தாசைக்கு ஆள் தேடி நீ தவித்துக்கொண்டிருந்தாய். மூட்டை முடிச்சுகளுக்கு நடுவில் நான் எண்ணெய் ஊறிய பொட்டலத்தோடு நின்றேன்.

"வாடான்னு கூப்ட்டா வடைய வாங்கினு வந்து நிக்கிறியேடா!" என்று நீ சிரித்த சிரிப்பில் கண்டக்டர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

அன்றிலிருந்து அது நம் சொல்லாகிவிட்டது. நீ "vada" என்று அனுப்பினால் நான் வர வேண்டும், வடையோடு வர வேண்டும். நான் "varen" என்று பதில் போடுவேன். அந்த ஒரு சொல்லை மட்டும் நான் மூன்று முறை படித்ததில்லை. ஐந்தே எழுத்து. விரலே படித்துக்கொள்ளும். என் பழைய போனில் e என்ற எழுத்துதான் முதலில் தேய்ந்து மறைந்தது.

நீ தொடுதிரைக்கு மாறி இரண்டே நாளில் பழகிவிட்டாய். நான் பேட்டரி உப்பிப் பின்மூடி பிதுங்கும்வரை பட்டனை விடவில்லை. பிறகு மகள் இந்தக் கண்ணாடிப் போனை வாங்கித் தந்து, ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழில் வருகிற மாதிரி வைத்துக்கொடுத்தாள். அடிக்க ஆரம்பித்ததுமே மேலே மூன்று சொற்களைக் காட்டும். வேண்டியதைத் தொட வேண்டும். "பாருப்பா, உனக்கு முன்னாடியே அதுவே யோசிக்குது" என்றாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

புதன்கிழமை வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளில் நடுவே கோடு போட்டேன். இடப்பக்கம் 'வாங்கலாம்', வலப்பக்கம் 'வேண்டாம்'. என் விரல் நுனி காய்ந்துவிட்டது, கண்ணாடித் திரை சில நேரம் அதை விரலாகவே மதிப்பதில்லை என்று இடப்பக்கம் எழுதினேன். பட்டன் என்றால் அழுத்தியது தெரியும், யோசனை சொல்லாது என்பதையும் அதற்குக் கீழே எழுதினேன். வலப்பக்கத்தில் என் வயதை எழுதினேன். மகள் மனம் கோணுவாள் என்று எழுதினேன். 'செய்தி அனுப்ப ஆள் இல்லை' என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன். இடப்பக்கம் மூன்றாவதாக ஒரு காரணம் இருந்தது. அதை எழுதப் பேனா போகவில்லை. வியாழக்கிழமை முழுக்க அந்தத் தாள் மேசையிலேயே கிடந்தது.

அந்தக் காரணத்தை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

நீ ஆஸ்பத்திரியில் சேர்ந்து நான்காம் நாள். மாலை நான்கு மணி இருக்கும். உன் செய்தி வந்தது. ஒரே சொல். "vada".

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. நாளைக் காலை குளித்து, சாப்பிட்டு, ஒன்பதரைக்குக் கிளம்பினால் பார்வையாளர் நேரத்துக்குச் சரியாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன். உனக்குக் கொடுக்க விட மாட்டார்கள், ஆனாலும் காட்டவாவது இரண்டு வடை வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பதில் போட்டேன். v, a, r என்று மூன்று எழுத்து அடித்ததுமே மேலே வரிசையாகக் காட்டியது: வரேன், வரல, வரும். தொட்டேன். அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் உன் பதில் திரையில் எட்டிப் பார்த்தது. "சரிடா." போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சட்டைக்கு இஸ்திரி போட்டேன்.

காலை ஏழே முக்காலுக்கு உன் மருமகன் போன் செய்தார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, உன் கடைசிச் சொல்லைப் பார்க்கலாம் என்று அந்தப் பக்கத்தைத் திறந்தேன். "vada" என்று நீ. அதற்குக் கீழே நான்: "வரல." அதற்குக் கீழே நீ: "சரிடா."

என் விரல் பக்கத்துச் சொல்லைத் தொட்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய கோடுதான் இருக்கிறது. ஆயுள் முழுக்க அடுத்தவர் வரைவில் ஒற்றுப்பிழை தேடியவன், அன்றைக்கு ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பதினோரு மாதம் இதை யாரிடமும் சொல்லவில்லை. பட்டன் போன் இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது. இதுதான் நான் எழுதாமல் விட்ட மூன்றாவது காரணம். அந்தப் போனை வாங்கினால், தப்புச் செய்தது கண்ணாடி, நான் இல்லை என்று ஆகிவிடும் போலத் தோன்றியது. அதற்காகவே வாங்கிவிட ஆசைப்பட்டேன். கூச்சமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

வெள்ளிக்கிழமை மாடம்பாக்கம் போனேன். உன் மனைவியிடம், நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவளிடம், சொல்லாமல் முடிவெடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. கோயில் அருகில் இறங்கி உன் தெருவுக்குள் இரண்டு முறை போய்த் திரும்பிய பிறகுதான் உன் வீட்டு வாசலில் நின்றேன். தங்கச்சி உள்ளிருந்து பார்த்துவிட்டாள்.

"வாங்கண்ணா. இன்னா, கேட்டாண்டயே நிக்கிறீங்க? பெல் அடிக்கறதுக்குக்கூடவா மூணு வாட்டி யோசிப்பீங்க?"

உன் நாற்காலிக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். சொல்ல நினைத்ததை வழியெல்லாம் வாக்கியமாகக் கோத்து வைத்திருந்தேன். "அன்னிக்கு சாயந்தரம் அவனுக்கு ஒரு மெசேஜ் போட்டேன்மா..." என்று தொடங்கி நின்றேன்.

"தெரியும்ணா. பக்கத்துலதான் இருந்தேன். எனக்குக் காட்னாரு."

"என்ன சொன்னான்?"

அவள் கொஞ்சம் சிரித்தாள். "'பாரு, மூணு வாட்டி வரலியாம்'னாரு. நான்கூட, இன்னாங்க இது, இவ்ளோ வருஷ சிநேகம், ஒரு எட்டு வந்து பாக்கக் கூடாதான்னேன். அதுக்கு அவரு, 'ஆஸ்பத்திரி வாசனையே அவனுக்கு ஆவாதுடி. வரலன்னு எழுதறதுக்கு எவ்ளோ கஷ்டப்பட்டிருப்பான், பாவம். மூணு வாட்டி படிச்சிட்டுத்தான் அனுப்பியிருப்பான், விடு'ன்னாரு. சரிடான்னு போட்டுட்டு போனைத் தலமாட்டுல வெச்சிட்டாரு. கோவமெல்லாம் இல்லண்ணா. எனக்குத்தான் கொஞ்சம் இருந்துது."

என்னால் நிமிர முடியவில்லை. நீ அந்தச் சொல்லைச் சந்தேகப்படவில்லை. வேறு யார் அனுப்பியிருந்தாலும், கை தவறியிருக்கும் என்று ஒரு போன் போட்டுக் கேட்டிருப்பாய். நான் அனுப்பியதால் கேட்கவில்லை. நான் படித்துவிட்டுத்தான் அனுப்புவேன், நான் பயந்தவன். இரண்டும் உனக்குத் தெரியும். ஒரு தப்பான சொல் இத்தனை வருடத்து என்னோடு அவ்வளவு சரியாகப் பொருந்திப் போயிற்று.

"நான் வரேன்னுதான் போட்டேன்மா" என்றேன். "விரல் பக்கத்துல பட்டுடுச்சு. காலைல கிளம்பறதா இருந்தேன்."

அவள் முந்தானை நுனியை மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு சுவரில் இருந்த உன் படத்தைப் பார்த்து, "கேட்டுக்குங்க. வரேன்னுதான் போட்டாராம். நீங்கதான் பெரிசா எல்லாம் தெரிஞ்ச மாரி சொன்னீங்க" என்றாள். காபி போடுகிறேன் என்று எழுந்து போனாள். உள்ளே பாத்திரச் சத்தம் நெடுநேரம் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் பஸ்ஸில் எனக்கு ஒன்று புரிந்தது. புரிந்ததா, முன்பே தெரிந்ததை ஒப்புக்கொண்டேனா, தெரியவில்லை. நீ கூப்பிட்டது நான்கு மணிக்கு. தாம்பரத்திலிருந்து அந்த ஆஸ்பத்திரி பஸ்ஸில் கால் மணி நேரம். மாலையிலும் பார்வையாளர்களை விடுவார்கள், நான் அன்றைக்கே வந்திருக்கலாம். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். பட்டன் போன் இருந்திருந்தால் 'varen' என்று பிழையில்லாமல் போயிருக்கும், நீ நிம்மதியாகப் படித்திருப்பாய், நான் அப்போதும் வந்திருக்க மாட்டேன். கண்ணாடி எழுதிய சொல்தான் அன்று நடந்ததைச் சரியாகச் சொன்னது.

இன்று சனிக்கிழமை. மாலை குரோம்பேட்டை போய் அந்தப் பெண்ணிடம் போன் வேண்டாம் என்று சொன்னேன். "ஏன் சார், அவ்ளோ ஆசையா பாத்தீங்களே?" என்றாள். அன்று மறந்துவிட்டுப் போன கண்டென்சரைக் கேட்டேன். பத்திரமாக எடுத்து வைத்திருந்தாள். வாங்கிக்கொண்டேன். நடுவே கோடு போட்ட அந்தத் தாளையும் கிழித்துப் போட்டுவிட்டேன்.

உன் நினைவாக எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது, e தேய்ந்த அந்தப் பழைய போன் இல்லை. அது அலமாரியில் கிடக்கிறது. யாராவது வா என்றால் பதில் எழுத உட்காராமல் செருப்பை மாட்டுவது, அதைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். தாமதமாகத்தான். போன வாரம் மாடி வீட்டுக்காரர் காய்ச்சலில் படுத்திருக்கிறார் என்று மகள் சொன்னபோது, கலைந்த சட்டையோடு படியேறிவிட்டேன். போய் என்ன பேசுவது என்று தெரியவில்லை. ஆனால் போய் நின்றேன்.

அடுத்த மாதம் உனக்கு வருடம் திரும்புகிறது. விடிந்ததும் வந்துவிடச் சொல்லியிருக்கிறாள் தங்கச்சி. ஸ்டேஷன் எதிர் ஓட்டல் ஆறு மணிக்குத் திறக்கிறது, இன்று கேட்டுவிட்டு வந்தேன். படையலில் வைக்க நான்கு சொல்லியிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை நான் ஒரு முறைகூடத் திருப்பிப் படிக்கவில்லை. பிழை இருக்கும். இருந்தால், கை தவறியிருக்கும் என்று இந்த ஒரு தடவை நினைத்துக்கொள்.

வரேன்டா.