செயலாளர் வந்தால் காபி மட்டும்

என்னங்க,

நைட் ஷிப்ட் முடிஞ்சு அசந்து தூங்குறீங்க, எழுப்ப மனசு வரலை. சொசைட்டி நம்ம டெபாசிட்டைத் திருப்பித் தராத கேஸ் இன்னைக்கு விசாரணைக்கு வருது. நுகர்வோர் கோர்ட்டுக்குக் கிளம்பிட்டேன். குழம்பைச் சூடு பண்ணிக்கோங்க.

நான் இல்லாத நேரம் பார்த்து உங்க அருமை நண்பர், அந்தச் சொசைட்டிச் செயலாளர், வருவார். போன வருஷம் டெபாசிட் முதிர்ந்தப்போ, "அண்ணே, ஒரே ஒரு கையெழுத்து"ன்னு குழைஞ்சார். நீங்களும் இன்னொரு வருஷத்துக்குப் புதுப்பிச்சுக் கொடுத்தீங்க, வள்ளல்! இந்தத் தடவை காபி மட்டும் கொடுங்க. சர்க்கரை வேண்டாம், அவர் பேச்சிலேயே இருக்கு.

பி.கு: மூக்குக்கண்ணாடியைத் தேடாதீங்க, என் கைப்பையில இருக்கு. அது இல்லாம நீங்க எதுலயும் கையெழுத்துப் போட மாட்டீங்க.

இன்னொண்ணு: அதனாலதான் இவ்வளவு பெரிய எழுத்து. இதை எழுதவே காலண்டர்ல மூணு தாள் கிழிச்சாச்சு. அதுக்கும் சேர்த்துத்தான் நஷ்டஈடு கேக்கப்போறேன்.