முப்பத்து நான்கு வரியிலும் நான்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான், உன் அம்மா, என் வலது முழங்கால் மூவரும் சௌக்கியம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அதைவிடச் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய், போனில் பேசினால் உன் அம்மா பாதியில் பிடுங்கி மீதியை அவளே சொல்லிவிடுவாள், இது நானே முழுசாகச் சொல்ல வேண்டிய சங்கதி. முதலில் வீட்டு விஷயம். குளியலறைக் குழாய் ஒருவழியாகச் சரியாயிற்று, பிளம்பர் நாலு தடவை இதோ வருகிறேன் என்று சொல்லி ஐந்தாவது தடவை நிஜமாகவே வந்துவிட்டார். மாடி வீட்டு டெய்லர் அம்மா உன்னை விசாரித்தார். உன் அம்மா காலையில் நடைப்பயிற்சி என்று அவரோடு கிளம்புகிறாள், நடப்பது குறைவு, நின்று பேசுவது அதிகம், ஆனால் சர்க்கரை இறங்கியிருக்கிறது என்று டாக்டர் சொல்வதால் நான் வாயைத் திறப்பதில்லை.

இனி என் படிப்பு. “இருபத்தெட்டு வருஷமா செய்ற வேலைதானேப்பா, அதுக்கு ஒரு பட்டமும் வாங்கிடுங்க” என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் நீதான் விண்ணப்பத்தை நிரப்பினாய், நான் கையெழுத்து மட்டும் போட்டேன். விநியோகச் சங்கிலி மேலாண்மை என்று பாடத்தின் பெயரைப் பார்த்து, லாரியில் சரக்கைக் கட்டும் சங்கிலியைப் பற்றி என்றுதான் முதல் வாரம் முழுக்க நினைத்திருந்தேன், இதை மாப்பிள்ளையிடம் சொல்லிவிடாதே. எல்லாப் பாடத்திலும் தேறி, கடைசியில் ஒரு செயல்திட்டம் மட்டும் பாக்கி இருந்தது, அதில் தேறினால்தான் பட்டம். ரிசல்ட் இன்னும் வரவில்லை என்று போன மாதம் உன்னிடம் சொன்னேனே, அது பொய். வந்துவிட்டது, நான் ஃபெயில்.

நடந்தது இதுதான். அவரவர் வேலை செய்யும் இடத்துக்கே ஒரு திட்டம் போட வேண்டும். நான் எங்கள் பெயிண்ட் கிடங்குக்குப் போட்டேன், ஒரு வாரத்தில் எந்த லாரி எத்தனை மணிக்கு எந்தச் சரக்கோடு எந்தக் கடைக்குக் கிளம்ப வேண்டும் என்று முப்பத்து நான்கு வரி, துளி பிசகில்லை. எங்கள் பேராசிரியை உன்னைவிட நாலு வயது சின்னவர், நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை சார் என்பார், யார் யாருக்குப் பாடம் எடுக்கிறார்கள் என்று வெளியாள் பார்த்தால் குழம்பிவிடுவார்கள். பொறுப்பாளர் என்று ஒரு கட்டம் உண்டு, அதில் முப்பத்து நான்கு வரியிலும் நான் என் பெயரையே எழுதியிருந்தேன். “சார், உங்களுக்குக் காய்ச்சல் வந்தா என்ன ஆகும்?” என்று கேட்டார். எனக்குக் காய்ச்சல் வராது மேடம் என்றேன். வகுப்பே சிரித்தது. “அப்போ இது திட்டம் இல்ல சார், உங்க சுயசரிதை” என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சுருக்கென்றது எனக்கு, ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு வெட்கத்தை விட்டுப் போய்க் கேட்டதற்கு, தலைக்குள் இருப்பதையெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் லீவு போடுங்கள், போனும் பேசக் கூடாது, நீங்கள் இல்லாமல் கிடங்கு ஓடினால் பாஸ், உங்களைக் கூப்பிட்டால் மறுபடி ஃபெயில் என்றார்.

எழுத உட்கார்ந்தால் நாற்பத்தொரு பக்கம் வந்தது மகளே. கடைசியில் இறக்க வேண்டிய சரக்கை முதலில் ஏற்ற வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் எந்தக் கடைச் சந்தில் பெரிய லாரி நுழையாது, எந்தக் கடைக்காரர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கி நாலு மணிக்குத்தான் கதவைத் திறப்பார், எந்த டிரைவருக்கு முதுகுவலி என்பதால் இருபது லிட்டர் டின்னைத் தூக்கச் சொல்லக் கூடாது, இதெல்லாம் எந்தக் கம்ப்யூட்டரிலும் இல்லை. “கல்யாணமான புதுசுல எனக்கு நாலு வரி எழுதக் கைவலின்னு சொன்ன மனுஷன்தானே இது” என்று உன் அம்மா காபியை ஓசையோடு வைத்துவிட்டுப் போனாள். நாற்பத்தொரு பக்கத்தையும் மைனாவிடம் கொடுத்தேன். பதினொரு வருஷமாக எனக்குப் பக்கத்து மேஜையில் உதவியாளராக இருப்பவள், ஓயாமல் பேசுவதால் எல்லோருக்கும் மைனா. “போய்ட்டு வாங்க சார், நிம்மதியா தூங்குங்க” என்றாள், அந்த நிம்மதி என்ற வார்த்தை எனக்குப் பிடிக்கவேயில்லை.

அந்த ஒரு வாரம் நான் பட்ட பாட்டை உன் அம்மாவிடம் கேள். பட்டம் கிடைக்க வேண்டுமென்றால் கிடங்கு ஓட வேண்டும், ஆனால் என் மனசு ஓடக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்கிறேன், ஒரே ஒரு லாரியாவது நிற்காதா என்று இருந்தது. திங்கட்கிழமை காலையில் தெருமுனையில் போய் நின்றேன், எட்டு மணி பத்து நிமிஷத்துக்குப் போக வேண்டிய லாரி எட்டு மணி பத்து நிமிஷத்துக்குப் போனது, டிரைவர் கையை வேறு ஆட்டினார். புதன்கிழமை மழையில் பாலத்தை மூடிவிட்டார்கள் என்று ரேடியோவில் சொன்னதும் எனக்கு உயிர் வந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஆறு கடை, என் நாற்பத்தொரு பக்கத்தில் பாலம் மூடினால் என்ன செய்வது என்று ஒரு வரி கிடையாது. சட்டை போட்டு ஷூவும் மாட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்துவிட்டேன், எப்படியும் கூப்பிடுவார்கள் என்று. மத்தியானம்வரை யாரும் கூப்பிடவில்லை. “அந்தச் சட்டையக் கழட்டிட்டு வந்து துணியாவது மடிங்க” என்றாள் உன் அம்மா, மடித்தேன்.

திரும்பப் போனபோதுதான் தெரிந்தது. லாரிக்குத்தான் பாலத்தை மூடியிருந்தார்கள், மைனா அந்த ஆறு கடைக்கும் போன் போட்டு, உங்கள் சின்ன வண்டிகளைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் அனுப்புங்கள் என்று சொல்லி, பெட்ரோல் பங்கில் வைத்தே சரக்கைக் கைமாற்றிவிட்டாள். நானாக இருந்தால் பாலம் திறக்கட்டும் என்று உட்கார்ந்திருப்பேன். ஒரு வாரத்தில் ஒரே தப்பு, நீலம் கேட்ட கடைக்கு மூன்று டின் பச்சை போய்விட்டது. அதைக் கேட்டதும் எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்து மைனா, “வேணும்னா இன்னும் ரெண்டு டின் மாத்தி அனுப்பட்டுமா சார்” என்றாள். நேற்று ரிசல்ட் வந்தது, பாஸ். நல்ல மார்க்.

எல்லோரும் கைகொடுத்தார்கள், சந்தோஷமாகத்தான் வீட்டுக்கு வந்தேன். வந்து ஷூவைக் கழற்றும்போது உன் ஞாபகம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் உன் பிரசவத்துக்கு உன் அம்மாவை மட்டும் அனுப்பினேன், நான் இல்லாமல் இங்கே ஒன்றும் நடக்காது என்று போனில் சொன்னேன். நீ “சரிப்பா” என்றாய். அந்தச் சரிப்பாவைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனை வைத்துவிட்டு லாரி பார்க்கப் போனேன். அப்போதும் கிடங்கில் மைனா இருந்தாள். அப்போதும் ஓடியிருக்கும். குழந்தை பிறந்த அன்றைக்கு நான் உன் பக்கத்தில் இருந்திருக்கலாம், வராதது வேலையால் இல்லை, என் கர்வத்தால். என்னை மன்னித்துவிடு மகளே. ஐந்து வாரம் லீவு கேட்டேன், மேனேஜர் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார், கொஞ்சம் யோசித்திருக்கலாம். அடுத்த மாதக் கடைசியில் நானும் அம்மாவும் அங்கே இருப்போம்.

நீங்கள் மூவரும் எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல், நீயும் சாப்பிடு. மறக்காமல் பேத்தியின் காலை ஒரு தாளில் வைத்து பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பு, ஷூ வாங்க வேண்டும், அளவு எனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
தான் இல்லாமலும் கிடங்கு ஓடும் என்று பல்கலைக்கழகத்தில் நிரூபித்துப் பட்டம் வாங்கிய
உன் அப்பா