விடியுமுன் எழுப்பிய நாட்கள்

என்னங்க,

டாக்டரம்மா, நான், நம் மகள் மூவர்தான் அறையில் இருந்தோம். அவள் வகுப்பில் தூங்கி விழுகிறாள் என்று டீச்சர் சொன்னதால் போனோம். அவளுக்குக் கால்வலி வந்த நாட்களையும் எழுந்த நேரத்தையும் நான் குறித்திருந்த நோட்டை டாக்டரம்மா புரட்டி, "பத்து வயசுப் பிள்ளையை நாலு மணிக்கு ஏம்மா எழுப்புறீங்க?" என்றார்.

வலி தீரப் பிரார்த்தனை செய்ய என்றேன்.

"தூக்கம் கெட்டா வலி கூடும்மா. வலி கூடினா தூக்கம் கெடும்."

இரண்டு வாரமாக வலியே இல்லை என்று நோட்டைக் காட்டினேன். மகள் தலைகுனிந்து, "வலிக்குதுன்னா நீ இன்னும் சீக்கிரமா எழுப்புவியே. அதான் சொல்லல," என்றாள்.

நாற்பது நாள் நேர்ந்ததில் இன்னும் ஒன்பது பாக்கி. நிறுத்தினால் தெய்வக் குற்றம், எழுப்பினால் பாவம். எனக்குப் பிரார்த்தனையே வரமாட்டேன் என்கிறது. நிறுத்தட்டுமா? சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி