கரையில் சொன்ன சொல்

நீர் நிறைக. திறக்க வேண்டிய நாளில் மதகு திறக்க.

நெடுமதகு நாடாளும் கோ வெள்ளேறனார் ஆணைப்படி, நீர்வாரியத் தலைவன், மதகு மூழ்குவோன் ஒருவனின் மகன் சேந்தன் விடுக்கும் ஓலை. நாடிநூல் அத்தனையும் கரைத்துக் குடித்தவரும், நோயாளி வாய் திறக்கும் முன்பே நோயை அறிந்துவிடுவதால் அவ்வாயைத் திறக்கவே விடாதவருமான, ஆதுலர் சாலை மருத்துவப் பேரரையர் வாமன நம்பியார் காண்க. தங்கள் சாலை வாழ்க. மருந்தரைக்கும் அம்மிகள் வாழ்க. உள்ளே கிடக்கும் நோயாளரும் வாழட்டும் என்று சொல்லிவைக்கிறோம்.

செய்தி யாதெனில்: பெருவாய் ஏரியின் அடிமதகை நீருள் மூழ்கித் திறக்கும் அந்துவனுக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சித்தம் கலங்கும். ஏரி தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது என்பான், உண்ணான், உறங்கான், ஒரு மாதத்தில் தெளிவான். சென்ற தையில் நல்ல தெளிவோடு ஊரவை முன் அமர்ந்து ஓர் ஓலை எழுதுவித்தான். மறுபடி கலங்கினால் விலங்கு வேண்டாம், பிடரியில் சூடு வேண்டாம். உறக்கம் தரும் கஷாயம் கொடுக்கலாம், கருங்குழம்பு மருந்து கூடாது, அது கையை நடுக்கும், நடுங்கும் கைக்கு மதகின் அடைகல் அசையாது. மற்றதை மனைவி எயினி தீர்மானிப்பாள். ஏரிக்குப் போகிறேன் என்று தானே காலைப் பிடித்துக் கெஞ்சினாலும் விடவேண்டாம். இவ்வளவுதான். அதில் தங்கள் இலச்சினையும் இருக்கிறது. விருந்துண்ட களைப்பில் படிக்காமலே குத்தினீர்கள் என்று கேள்வி.

ஆடியில் கலங்கினான். தங்கள் ஆட்கள் தூக்கிச் சென்றார்கள். எயினி ஓலையோடு ஓடிவந்தாள். தாங்கள் படித்து, எழுத்தழகை மெச்சி, தெளிந்திருந்தவன் வேறு, கலங்கியவன் வேறு, அவன் சொல் இவனைக் கட்டாது என்று அருளினீர்களாம். இப்போதும் சூடு வேண்டாமென்றுதானே அலறுகிறார் என்றாளாம் அவள். கலங்கியவன் சொல் சொல்லே அன்று என்றீர்களாம்.

“அப்படின்னா எம்புருசன் பேச்சு எந்த நாளு செல்லும் சாமி? பொறந்த நாளா, செத்த நாளா?” என்று அவள் கேட்டதற்கு வாயிற்காவலர் சாட்சி. தாங்கள் கை கழுவ உள்ளே எழுந்தருளியதற்கும் அவர்களே சாட்சி.

இதுவரை இரண்டு சூடு ஆயிற்று. கருங்குழம்பு ஏழு நாள். குவளையைப் பிடிக்க அந்துவனுக்கு இரு கையும் போதவில்லை. சூட்டுக்கோல் பழுக்கும் வாடை வரும்போதெல்லாம், என் ஓலை எங்கே, என் ஓலை எங்கே என்றே கேட்கிறானாம். கலங்கிய சித்தத்துக்கும் அது மறக்கவில்லை. தங்கள் தெளிந்த சித்தத்துக்கு மறந்துவிட்டது. மூன்றாம் சூட்டுக்கு வரும் வெள்ளி குறித்திருக்கிறீர்கள்.

மூழ்குவோரிடம் ஒரு வழக்கம் உண்டு. அடிநீரில் மூச்சு முட்டினால் புத்தி மயங்கும். மயங்கியவன் இன்னும் கொஞ்சம் என்று கயிற்றை ஆட்டுவான். கயிறு பிடித்தவன் அதைக் கேட்கமாட்டான். எழுபது எண்ணியதும் இழு என்று கரையில் சொல்லிப் போனால், எழுபதில் இழுப்பான். கரையில் சொல்லிப் போனவனும் நீருள் மயங்கிக் கிடப்பவனும் ஒரே ஆள்தான் என்று, எழுத்தறியாத எங்கள் கூட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. தங்கள் நூல்களில் அந்த ஏட்டைக் கரையான் அரித்திருக்கும்.

ஆகவே ஆணை: இவ்வோலை கண்ட நாழிகையில் விலங்கை வெட்டி, அந்துவனை எயினி கையில் ஒப்புவித்து, அவன் எழுதியபடியே நடக்க.

இல்லை, எம் நெறியே நெறி என்பீராயின், வெள்ளியன்று பெருவாய் மதகடிக்குத் தங்களை இறக்குவோம். எப்போது மேலே இழுக்கவேண்டும் என்று கரையில் நின்று ஆற அமரச் சொல்லலாம். எழுதி இலச்சினையும் இடலாம். கயிறு எயினி பிடிப்பாள். கரையில் நின்ற நம்பி வேறு, நீருள் கிடக்கும் நம்பி வேறு என்று அவள் கருதினால், தங்கள் மாணாக்கி என்றே கொள்வோம்.

நீர் சான்றாக, மதகு இலச்சினை இட்டோம். ஓலை கொண்டுவருபவன் தோளில் கயிறும் வருகிறது. நீளம் போதும், அளந்து பார்த்தோம்.